தோட்டத்து எண்ணெயில் குளியல் சோப்பு

(பண்ணை மகளிருக்கான வானொலி உரையின் எழுத்து வடிவம்)



நான் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பெண். எங்களுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கடலைக்காடு. வீட்டுக்கு வேண்டிய குளியல் சோப்பை வருஷத்துக்கு நாலு தடவை நானே செய்துகொள்கிறேன். அதை எப்படிச் செய்வது, அதில் காப்பி சேர்ப்பது எப்படி, மஞ்சள் போன்ற இயற்கைச் சாயங்கள் எது நிற்கும், எது நிற்காது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

செய்முறைக்குப் போகும் முன்னே, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோப்பு செய்யப் பழகிய முதல் வருஷம். காஸ்டிக் சோடாவை எவர்சில்வர் சொம்பில் கரைத்து, ஆறட்டும் என்று திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். பார்ப்பதற்கு அது பச்சைத் தண்ணி மாதிரிதான் இருக்கும். கட்டுத்தறியில் எருமைக்குத் தட்டு போட்டுவிட்டு, தாகத்தோடு வந்த எங்கள் மாமியார் அந்தச் சொம்பை எடுத்துவிட்டார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "ஏன் அம்மிணி, சொம்புத் தண்ணி இப்படிச் சுடுது?" என்று என்னைக் கேட்டார். நான் ஓடிப்போய், "அத்தை, அதைக் கீழே வைங்க, குடிச்சிராதீங்க!" என்று கத்தினேன். அந்தச் சூடுதான் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆறியிருக்கும். அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அரிவாளும் ஆபத்துதான், கரண்டும் ஆபத்துதான். ஒழுங்கு தெரிந்து புழங்குகிறோம். சோப்புக்கும் இரண்டு ஒழுங்கு உண்டு. ஒன்று, தராசில் நிறுப்பது. இரண்டு, பொறுத்திருப்பது. காப்பி, மஞ்சள், வாசனை எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

சோப்பு என்பது என்ன?

நம் அமுச்சிமார் காலத்தில் தலைக்கு அரப்பும் சீயக்காயும், உடம்புக்குப் பாசிப்பயறு மாவு. துணிக்கு உவர்மண். பிறகு வந்ததற்குச் சவுக்காரம் என்று பேர். அரப்பிலும் சீயக்காயிலும் நுரைக்கிற சத்து இயற்கையிலேயே இருக்கிறது. சோப்பில் அப்படி இல்லை. எண்ணெயையும் காரத்தையும் கலந்தால், இரண்டும் தம் குணத்தை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு பொருள் ஆகின்றன. அதுதான் சோப்பு. கூடவே கிளிசரினும் உண்டாகிறது. பெரிய ஆலைகளில் பெரும்பாலும் கிளிசரினைத் தனியே பிரித்து எடுத்து விற்றுவிடுவார்கள். வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே இருக்கும். குளித்த பிறகு தோல் வறண்டு இழுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் காரத்துக்குத்தான் காஸ்டிக் சோடா என்று பெயர். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பது அது. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த சில வருஷங்களில், அங்கே கிடைத்த மின்சாரத்தை நம்பி வந்த இரசாயனத் தொழிலில் இதுவும் ஒன்று. ஆக, எண்ணெயும் காரமும் இரண்டுமே நம் பக்கத்துச் சரக்குதான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றி 1887ல் பெரிய மானுவல் எழுதினாரே நிக்கல்சன் துரை, அவர்தான் பிற்பாடு சென்னை மாகாணத்து மீன்வளத் துறையை உருவாக்கியவர். அந்தத் துறை மீன் எண்ணெயில் சோப்பு செய்தது. 1914ல் கோழிக்கோட்டில் அரசாங்கச் சோப்புத் தொழிற்சாலையும் ஏற்பட்டது. மாவுப்பூச்சிக்கு நாம் தெளிக்கிற மீன் எண்ணெய் ரோசின் சோப்பும் இதே தத்துவத்தில் செய்ததுதான். எண்ணெய் மாறுகிறது, வேலை ஒன்றேதான்.

தேங்காய் எண்ணெய் ஏன் நல்லது?

காங்கயம், வெள்ளகோவில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சப்பைத் தண்ணியின் கஷ்டம் தெரியும். போர் தண்ணியில் கடைச் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரியும். சிறுவாணித் தண்ணி குடிக்கிற கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது தெரியாதுங்க. தேங்காய் எண்ணெய் சோப்பு சப்பைத் தண்ணியிலும் நுரைக்கும். கடல் தண்ணியிலேயே நுரைக்கும் என்பதால் கப்பல்காரர்கள் இதைத்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் வழித்து எடுத்துவிடும். அதனால் கடலை எண்ணெயும் விளக்கெண்ணெயும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கடலை எண்ணெய் மென்மை தரும். விளக்கெண்ணெய் நுரையைத் தாங்கி நிறுத்தும்.

சிக்கு வாடை அடிக்கிற பழைய எண்ணெயைக் குளியல் சோப்புக்கு எடுக்காதீர்கள். ஒரு மாதத்தில் கட்டியின் மேல் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுந்து, அதே வாடை திரும்ப வரும். அந்த எண்ணெயைத் துணி துவைக்கிற சோப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அளவு: இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

எல்லாமே எடைதான். தண்ணீரும் எடைதான்.

தேங்காய் எண்ணெய் 700 கிராம்
கடலை எண்ணெய் 200 கிராம்
விளக்கெண்ணெய் 100 கிராம்
காஸ்டிக் சோடா 155 கிராம்
தண்ணீர் 310 கிராம்

இந்த 155 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு அளவு காரம் கேட்கும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்கு 136, விளக்கெண்ணெய்க்கு 128. நம் கலவைக்குக் கணக்குப் போட்டால் 128, 27, 13 என்று கூட்டி 168 கிராம் வருகிறது. அதை முழுசாகப் போடாமல் 100க்கு 8 பங்கு குறைத்து 155 போடுகிறோம். அப்படிச் செய்தால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சும், காரம் மிஞ்சாது. தோலுக்குப் பாதுகாப்பு அந்த மிச்ச எண்ணெய்தான். எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கையும் மாற்ற வேண்டும். "நல்லெண்ணெய் இருக்குது, கடலை எண்ணெய்க்குப் பதிலா ஊத்திக்கிறேன்" என்று கணக்குப் பார்க்காமல் ஊற்றக்கூடாது.

"ஏனுங்க, 1 கிலோன்னா 1 லிட்டர்தானே, பாக்கெட்டை உடைச்சு ஊத்தினா ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகாதுங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1 லிட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. லிட்டரைக் கிலோ என்று நினைத்து ஊற்றினால் 90 கிராம் எண்ணெய் குறைந்துபோகும். அந்த 910 கிராம் எண்ணெய்க்கு 153 கிராம் காரமே முழுசாகப் போதும். நாம் போட்டது 155. பாதுகாப்புக்கு வைத்த எண்ணெய் மொத்தமும் காலியாகி, காரம் மிஞ்சிவிடும். அந்தக் கட்டியைத் தேய்த்துக் குளித்தால் தோல் எரியும்.

இதுவும் நான் பட்ட பாடுதான். முதல் தடவை எண்ணெயையும் காரத்தையும் டம்ளரில் அளந்தேன். கட்டி பார்ப்பதற்கு வெள்ளை வெளேர் என்று அழகாக இருந்தது. கத்தி வைத்ததும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாத்திரம் தேய்த்துப் பார்த்தேன், விரல் நுனித் தோல் உரிந்துவிட்டது. ஆகவே, 1 கிராம் சுத்தமாகக் காட்டுகிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்குங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

காஸ்டிக் சோடா வாங்கும்போது, கலப்பில்லாத சில்லு அல்லது குருணையாகக் கேட்டு வாங்குங்கள். சாக்கடை அடைப்பு எடுக்கிற தூளில் வேறு சரக்கும் கலந்திருக்கலாம், அது வேண்டாம். காற்றுப் பட்டால் இது ஈரம் இழுத்துச் சக்தி குறையும். இறுக மூடி, "விஷம்" என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

காரம் கரைக்கும் ஒழுங்கு

ஒன்று. வெளித்திண்ணையில் அல்லது களத்தில், காற்றோட்டமான இடத்தில் கரையுங்கள். முகத்தை மேலே நீட்டாதீர்கள். எழும்புகிற ஆவி தொண்டையைக் கரகரக்க வைக்கும்.

இரண்டு. கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கை ரவிக்கை அல்லது பழைய சட்டை. தோலில் பட்டால் புண் ஆறும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

மூன்று. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. நம் வீட்டில் ஈயச் சட்டி என்று சொல்கிறோமே, அதுவும் பெரும்பாலும் அலுமினியம்தான். காரம் அதைப் பொங்கித் தின்றுவிடும். எவர்சில்வர், அல்லது சூடு தாங்குகிற கெட்டி பிளாஸ்டிக் எடுங்கள். சோப்புக்கு எடுத்த பாத்திரம் சோப்புக்கே. சமையலுக்குத் திரும்ப வேண்டாம். சொம்பும் டம்ளரும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

நான்கு. தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் குபீரென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரை முதலில் நிறுத்து வைத்து, காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். அடுப்பில்லாமலே பாத்திரம் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

ஐந்து. ஆறுகிற வரைக்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள், வயதானவர்கள், நாய், கோழி எதுவும் கிட்டே வரக்கூடாது.

தப்பித்தவறித் தோலில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் கழுவுங்கள். எலுமிச்சம்பழம், வினிகர், மோர் எதையும் மேலே தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே 108க்குச் சொல்லி அனுப்புங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏறும்போது மறுபடியும் தொண்டையைச் சுடும். உடனே ஆஸ்பத்திரி போய், காஸ்டிக் சோடா என்று டாக்டரிடம் பேர் சொல்லுங்கள்.

செய்முறை

கரைக்கிற தண்ணீர் சப்பைத் தண்ணியாக இருக்கக்கூடாது. ஆர்.ஓ. தண்ணீரோ, வடிகட்டிய மழைத்தண்ணீரோ எடுங்கள். மார்கழி, தை மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். வெயிலில் வைத்து உருக்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்கள் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் நிறுத்து ஊற்றுங்கள். காரக் கரைசல் ஆறி, பாத்திரத்தின் வெளிப்புறம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பதத்தில், அதை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். எண்ணெயில் காரத்தை ஊற்ற வேண்டும், தெறிக்காமல் ஊற்ற வேண்டும். மரக்கரண்டியாலோ அதற்கென்று வைத்த மத்தாலோ கலக்கினால் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகலாம். கைமிக்சி இருந்தால் சில நிமிஷத்தில் ஆகிவிடும்.

முதலில் எண்ணெய் மேலே மிதக்கும். பிறகு மோர் மாதிரி வெளுக்கும். பிறகு தோசை மாவு பதத்துக்குக் கெட்டியாகும். கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டால், ஒழுகிய கோடு மேலே ஒரு நொடி தெரிந்து பிறகு அமிழ வேண்டும். அதுதான் பதம். காப்பி, மஞ்சள் போன்ற தூள்கள் சேர்ப்பது இந்த நேரத்தில்தான்.

25 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம் உள்ள மரப்பெட்டிக்குள் பட்டர் காகிதம் விரித்து ஊற்றினால் இந்த அளவு சரியாகக் கொள்ளும். மேலே ஒரு அட்டை போட்டு மூடி வைத்துவிடுங்கள். உள்ளுக்குள்ளே தானே சூடேறி, பிறகு ஆறும். 12 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்து வெட்டிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் அதிகம் என்பதால் அதற்கு மேல் விட்டால் கல்லாகி, வெட்டும்போது விள்ளும். 14 துண்டாகப் போடலாம். அப்போதும் கையுறை வேண்டும், காரம் இன்னும் முழுக்க அடங்கியிருக்காது. கலக்கிய பாத்திரத்தையும் உடனே தேய்க்காமல் மறுநாள் தேய்த்தால், ஒட்டியிருப்பது சோப்பாகிச் சுலபமாகப் போகும்.

காப்பி சேர்க்கும் முறை

காலையில் ஃபில்டரில் டிகாஷன் இறங்கியபின் சக்கையைக் குப்பையில் கொட்டுகிறோம். அதைத் தட்டில் பரப்பி, வெயிலில் நன்றாக உலர்த்தி வையுங்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். பதத்துக்கு வந்த கலவையில் இந்தச் சக்கை 10 கிராம் போதும். வாழைக்கறை, மண், டிராக்டர் கிரீஸ் பட்ட கைக்கு இந்தச் சொரசொரப்பு மிகவும் உதவும். வெங்காயம், மீன் நறுக்கிய கைக்கும் நல்லது. ஆசைப்பட்டு அதிகம் போட்டால் தோலைக் கீறும். முகத்துக்கும் பிள்ளைகளுக்கும் சக்கை போட்ட கட்டி வேண்டாம்.

கட்டி முழுவதும் பழுப்பாக வர வேண்டுமென்றால் 310 கிராம் தண்ணீருக்குப் பதிலாக அதே எடை டிகாஷனை எடுக்கலாம். பாலும் சர்க்கரையும் சேராத வெறும் டிகாஷன். ஃபிரிட்ஜில் வைத்து ஜில்லென்று ஆன பிறகுதான் காரத்தைத் தூவ வேண்டும். சூடான டிகாஷனில் போட்டால் பொங்கி வழிந்துவிடும். கரைக்கும்போது ஒரு கெட்ட வாடை வரும், பயப்பட வேண்டாம், கட்டி காயக் காய அது போய்விடும். சிக்கரி கலக்காத தூள் நல்லது. சிக்கரியில் சர்க்கரைச் சத்து இருப்பதால் கலவை அதிகமாகச் சூடேறும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். காப்பி நிறம் தரும், சொரசொரப்புத் தரும். காப்பி வாசனை நிற்காது. ஏற்காட்டுக் காப்பி போட்டாலும் வால்பாறைக் காப்பி போட்டாலும் அதே கதைதான். காப்பிச் சோப்பு தோலை வெளுப்பாக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நிமிஷம் தேய்த்துத் தண்ணீரில் அலசிவிடுகிற பொருள் அது.

எந்தச் சாயம் நிற்கும்?

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தித் தண்ணி சிவப்பாகிறது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறையில் சோப்புப் போட்டால் அந்த இடம் சிவக்கிறது. காரத்தைக் கண்டால் மஞ்சள் நிறம் மாறும் என்பது நமக்குப் புதிதில்லை. சோப்பிலும் அதேதான் நடக்கும். 1 கிலோ எண்ணெய்க்கு 2 கிராம் மஞ்சள்தூளை, கொஞ்சம் எண்ணெயில் குழைத்துச் சேருங்கள். முதலில் சிவந்து, காயக் காய ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் வெயில் பட்டால் வெளுக்கும். அதனால் நிழலிலேயே வைக்க வேண்டும். 2 கிராமுக்கு மேல் போனால் துண்டெல்லாம் கறையாகும்.

தேங்காய்த்தொட்டிக் கரியை நைசாக அரைத்துச் சலித்து 5 கிராம் போட்டால் கருஞ்சாம்பல் நிறம் வரும். அது மங்கவே மங்காது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற மஞ்சிட்டி வேர்த்தூள் இளஞ்சிவப்புத் தரும். அவுரியில் இருந்து எடுத்த நீலக்கட்டி நீலம் தரும். ஆனால் தலைக்குப் போடுகிற அவுரி இலைத்தூளைப் போட்டால் நீலம் வராது, பச்சை கலந்த சாம்பல்தான் வரும்.

வேப்பிலைத்தூளும் முருங்கையிலைத்தூளும் முதல் வாரம் பச்சையாக இருந்து, பிறகு பழுப்பாகிவிடும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் போட்டு ரோஜா நிறம் வரும் என்று நானும் காத்திருந்தேன், மண் நிறம்தான் வந்தது. காரத்துக்கு முன்னால் அந்தச் சிவப்பு நிற்காது. கோலப்பொடி, குங்குமம், திருவிழாச் சாயம் எதையும் சோப்பில் போடாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

ஒரு மண்டலம் பொறுங்கள்

வெட்டிய துண்டுகளைக் காகிதம் விரித்த மூங்கில் தட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல், நிழலில் காற்றுப் படும்படி அடுக்கி வையுங்கள். வாரம் ஒருமுறை திருப்பி விடுங்கள். நாட்டு வைத்தியத்தில் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்வார்கள் அல்லவா, அதே 48 நாள் கணக்கு இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். காரம் முதல் ஓரிரு நாளிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். மீதி நாள் எல்லாம் தண்ணீர் வற்றுவதற்கு. வற்ற வற்றக் கட்டி இறுகும், நுரை நன்றாக வரும், குளியலறையில் சீக்கிரம் கரையாது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் புதுச்சோப்பு வேண்டுமென்றால் அதற்கு 48 நாள் முன்னாலேயே ஊற்றிவிட வேண்டும்.

மேலே மெல்லிய வெள்ளைப் பொடி பூத்தால் பயப்படாதீர்கள். அது சலவைச் சோடா, துடைத்தால் போய்விடும். கட்டிக்குள்ளே வெள்ளைக் குருணையாகவோ, கசிகிற நீராகவோ இருந்தால் அது கரையாத காரமாக இருக்கலாம். அந்தத் துண்டை உடம்புக்குப் போடவே கூடாது. மஞ்சள் தடவிப் பார்த்துச் சோதிக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல சோப்பிலும் மஞ்சள் சிவக்கும், ஆகவே அது பயன்படாது. காரம் பார்க்கிற காகிதச் சீட்டு, ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சோப்பு நுரையில் வைத்தால் 9, 10 காட்டுவது சரி. அதற்கு மேலே போனால் விலக்குங்கள். எந்தப் புதுச்சோப்பையும் முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் போட்டு ஒரு நாள் பாருங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம்.

லாபம் உண்டா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த அளவில் 14 கட்டி வருகிறது, கட்டிக்கு 71 கிராம் எண்ணெய். அன்றைய எண்ணெய் விலையை 14ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோ 280 ரூபாய் என்றால் கட்டிக்கு 20 ரூபாய் எண்ணெய்க்கே ஆகிவிடும். காரமும் உழைப்பும் தனி. 2025ல் கொப்பரை விலை என்றுமில்லாத உயரத்துக்குப் போனபோது, நான் எண்ணெயை விற்றுவிட்டுச் சோப்பைக் குறைத்துக்கொண்டேன். விலை கீழே விழுகிற வருஷத்தில்தான், செக்கில் ஆட்டிய எண்ணெயை இப்படி மதிப்புக் கூட்டுவது புத்தி. கடைச் சோப்பைவிட மலிவு என்று எண்ணிச் செய்யாதீர்கள். எண்ணெய் நம்முடையது, என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதற்காகச் செய்யுங்கள்.

வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் செய்ய எந்தத் தடையும் இல்லை. விற்பதென்றால் சட்டம் வேறு. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. 1940ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 2020ல் வந்த அழகுசாதன விதிகள், இவற்றின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் உரிமம் வாங்கித்தான் விற்க வேண்டும். சொறி போகும், படை போகும் என்று எழுதி விற்கவே கூடாது. மகளிர் குழுவாகச் சேர்ந்து உரிமம் எடுத்தால் செலவு பகிர்ந்து போகும்.

எங்கள் மாமியாருக்கு இப்போது வயதாகிவிட்டது. காப்பிச் சோப்புதான் அவருக்குப் பிடிக்கும். நான் காரம் கரைக்கிற நாளில், திண்ணையில் கட்டில் போட்டு உட்கார்ந்து, ஒரு குழந்தையையும் அந்தப் பக்கம் விடமாட்டார். "அம்மிணி, தராசு எடுத்தியா? சொம்பை உள்ளே வெச்சியா?" என்று இரண்டு கேள்வியும் தவறாமல் கேட்பார். ஆரம்பிக்கும் முன்னே நீங்களும் அந்த இரண்டையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை எல்லா அளவையும் பாதியாக்கி, அரை கிலோ எண்ணெயில் செய்து பாருங்கள். கை பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.